எச்.ஐ.வி. ஆய்வை இளையோரிடம் கொண்டுசேர்க்க யாழ்ப்பாணத்துக்கு எந்த வழி பொருந்தும்?

கடந்த 15 ஆண்டுகளில் எச்.ஐ.வி. ஆய்வுகள் தந்தவை பெரும்பாலும் நல்ல செய்திகள். மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே இருந்துவருபவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்றுப் பரவாது. தொற்று ஏற்படக்கூடிய சம்பவம் நடந்து 72 மணித்தியாலத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் எடுத்தால் தொற்றைத் தவிர்க்கப் பெரும் வாய்ப்பு உண்டு. தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 டிசம்பரில் சான்றளித்தது. இவ்வளவும் நடந்த பிறகும் பல பிள்ளைகளின் மனதில் நிற்பது மண்டையோடு வரைந்த சுவரொட்டியும் 'ஆட்கொல்லி நோய்' என்ற தலைப்பும்தான்.

இந்த இடைவெளியை நிரப்ப ஒரு விளையாட்டுக் கழகமோ, சனசமூக நிலையமோ, பல்கலைக்கழக மாணவர் குழுவோ, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோ முன்வரும்போது கையில் இருப்பது கொஞ்சப் பணமும் ஆறு மாத காலமும். அதை எதில் போடுவது? பாடசாலைக் கருத்தரங்கு, தெருவெளி நாடகம், காணொளிப் போட்டி, வட்ஸ்அப் - ரிக்ரொக், சிறு குழு உரையாடல் என்ற ஐந்தும்தான் வழமையாக மேசைக்கு வருபவை. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: சிறு குழுவைத் தொடங்குங்கள், அதன் மேல் போட்டியைக் கட்டுங்கள், கருத்தரங்கைப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பேர் வந்தார்கள் என்ற தலைக்கணக்கை வைத்துத்தான் வழிகளை ஒப்பிடுவது வழக்கம். நாங்கள் வேறு நான்கை வைத்துப் பார்க்கிறோம். ஆய்வு சொன்னது திரியாமல் போய்ச் சேர்கிறதா? பிள்ளை தன் மனதில் இருக்கும் கேள்வியைக் கேட்க முடிகிறதா? கேட்டவர் பரிசோதனை வரை போகிறாரா? இதனால் யாருக்காவது கேடு வருகிறதா? யாழ்ப்பாணத்தில் இந்த நான்காவது கேள்விதான் மற்ற மூன்றையும் தூக்கி நிறுத்துவது. குருநகரில் நடந்தது சாவகச்சேரிக்குப் போய்ச் சேர அரை நாள் காணும். 'இன்னாருடைய மகளைப் பாலியல் நோய்ச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் கண்டேன்' என்ற ஒரு வசனம் ஒரு பிள்ளையின் படிப்பையும் கலியாணத்தையும் சேர்த்துக் குலைக்கும்.

முதலில் வசனம், பிறகுதான் வழி

எந்த வழியைத் தெரிந்தாலும், சொல்லப்போகும் வசனம் தமிழில் சரியாக நிற்க வேண்டும். சோர்வு வருவதும் பிழை வருவதும் இங்கேதான். நான்கு இடங்களைக் கிட்ட வைத்துப் பார்ப்போம்.

'கண்டறிய முடியாது என்றால் கடத்த முடியாது' என்பதைக் கேட்கும் பிள்ளை 'அப்ப அவருக்கு வருத்தம் மாறிட்டுது' என்று எடுத்துக்கொள்ளும். மாறவில்லை. மருந்தை நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகும். ஆகவே 'மருந்தைத் தொடர்ந்து எடுத்துவரும் காலம் மட்டும்' என்ற சொற்கள் அதே வசனத்துக்குள் இருக்க வேண்டும், அடுத்த வசனத்தில் அல்ல. 'உடலுறவு வழியாக' என்பதையும் விட்டுவிட முடியாது. தாய்ப்பாலுக்கும் ஊசிப் பகிர்வுக்கும் இந்த வாக்குறுதி அப்படியே பொருந்தாது.

இரண்டாவது, ஊசி. லெனகபாவிர் என்ற மருந்தை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஊசியாகப் போட்டு, தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் 16 முதல் 25 வயது வரையான பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2024இல் வந்தது. அந்த ஊசி பெற்ற 2,134 பேரில் ஒருவருக்கும் தொற்று ஏற்படவில்லை. நாளாந்த மாத்திரை கொடுக்கப்பட்ட ஒரு பிரிவில் 1,068 பேரில் 16 பேருக்கு ஏற்பட்டது. அருமையான செய்தி. ஆனால் 'எச்.ஐ.வி.யைத் தடுக்கும் ஊசி' என்று தமிழில் சொன்ன உடனே அது 'தடுப்பூசி' ஆகிவிடுகிறது. சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகள் போலப் போட்டு முடித்தால் போதும் என்று பிள்ளை நினைக்கும். இது தடுப்பூசி இல்லை. உடலில் ஆறு மாதம் தங்கும் மருந்து, தவறாமல் திரும்பப் போட வேண்டும். 'ஆறு மாத மருந்து' என்று சொன்னால் குழப்பம் பாதியாகக் குறையும். கூடவே, எங்கோ நிரூபிக்கப்பட்டது வேறு, இங்கே சிகிச்சைப் பிரிவில் கிடைப்பது வேறு. எது கிடைக்கும் என்பதை முதலே கேட்டறிந்து அதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நம்பிப் போன பிள்ளை வெறுங்கையுடன் திரும்பி வரும், இரண்டாம் தரம் போகாது.

மூன்றாவது, சதவீதம். தொற்று வராமலிருக்க முன்கூட்டியே நாளும் எடுக்கும் தடுப்பு மாத்திரை பற்றிய 2010ஆம் ஆண்டு ஆய்வு 44 சதவீதப் பாதுகாப்பைக் காட்டியது. இதை 'நூறு பேர் எடுத்தால் 56 பேருக்கு வரும்' என்று வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆட்கணக்கில் சொல்லுங்கள்: இரண்டு பக்கமும் ஏறத்தாழ 1,250 பேர், வெற்று மாத்திரை எடுத்த பக்கம் 64 பேருக்குத் தொற்று, மருந்து மாத்திரை கொடுத்த பக்கம் 36 பேருக்கு. கொடுத்த மாத்திரையைப் பலர் ஒழுங்காக விழுங்கவில்லை. இரத்தத்தில் மருந்து காணப்பட்டவர்களிடம் பாதுகாப்பு மிக அதிகமாக இருந்தது. இதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் மாத்திரை வேலை செய்யாது என்ற பொய் பிறந்துவிடும்.

நான்காவது, பாதியில் நிற்கும் கதை. 2019இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில், இருவரில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து வைரஸ் அடங்கியிருந்த 782 ஆண் சோடிகள் பின்தொடரப்பட்டார்கள். அந்தக் காலத்தில் 15 பேருக்குப் புதிதாகத் தொற்று வந்தது. இத்தோடு நிறுத்தினால் கேட்பவர் எழும்பிப் போய்விடுவார். வைரஸின் மரபணுவை ஒப்பிட்டபோது அந்த 15இல் ஒன்றுகூட அவரவர் இணையரிடமிருந்து வந்ததல்ல, வெளியிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. அதுதான் ஆய்வின் முடிவே.

இந்த வசனங்களை யார் எழுதுவது? வைத்தியரோ விரிவுரையாளரோ தனியே இருந்து எழுதக்கூடாது. 18 முதல் 24 வயது வரை 10 அல்லது 12 பேரைக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்து, வசனத்தை அவர்களிடம் கொடுத்து, 'இதை உன் தங்கச்சிக்கு எப்படிச் சொல்லுவாய்?' என்று கேளுங்கள். திருப்பிச் சொல்லும்போது எங்கே மாறுகிறதோ அங்கே வசனம் பிழை, பிள்ளை அல்ல. மூன்று சுற்றுப் போனால் வசனம் தேறிவிடும். அடுத்து சிகிச்சைப் பிரிவு வைத்தியரிடம் காட்டிச் சரிபார்த்து, தாளின் அடியில் திகதி போட வேண்டும். ஆய்வு மாறும், திகதியில்லாத தாள் பத்து வருடம் கழித்தும் கையில் சுற்றும்.

சம்பந்தப்பட்டவர்களை விட்டுவிட்டு நடத்தும் வேலை எங்கே போய் முடியும் என்பதற்கு உலகில் பெரிய பாடம் உண்டு. கம்போடியாவில் பாலியல் தொழிலாளரிடம் தொடங்கவிருந்த தடுப்பு மாத்திரை ஆய்வு, அவர்களின் கேள்விகளுக்கு முறையான பதில் கிடைக்காததால் எழுந்த எதிர்ப்போடு 2004இல் நிறுத்தப்பட்டது. அடுத்த வருடம் கமரூனிலும் அதே கதை. அந்த மாத்திரை நல்ல மாத்திரை என்று பின்னால் நிரூபணமானது. பேசாமல் போனதால் இழந்த வருடங்கள் திரும்பவில்லை. அதன் பிறகுதான், 2007இல், ஆய்வில் மக்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்ற வழிகாட்டி எழுதப்பட்டது.

கருத்தரங்கும் நாடகமும்

பாடசாலை மண்டபத்தில் 300 பிள்ளைகள், 40 நிமிட உரை, கடைசியில் 'கேள்வி இருக்கா?' என்று ஒரு பார்வை. பின்வரிசையில் ஆசிரியர்கள். ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒரே இடத்தில். கேள்வி வராது, வந்தாலும் நுளம்புக் கடியைப் பற்றித்தான் வரும். தலைக்கணக்கு அழகாக இருக்கும், அறிக்கையில் படமும் வரும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆனாலும் கருத்தரங்கைத் தூக்கி எறியக்கூடாது. அதிபர், பெற்றோர், கோயில் நிர்வாகம், பங்குத்தந்தை என்று அனுமதி தர வேண்டியவர்களுக்கு அதுவே பொருத்தமான வழி. அவர்களுக்கு 20 நிமிடம் பேசுங்கள். பிள்ளைகளிடம் சொல்லப்போகும் தாளை முழுதாகக் காட்டுங்கள். ஒளித்து வைத்த தாள் இரண்டாம் கிழமையில் வெளியே வரும், அதோடு நிகழ்ச்சியும் நிற்கும்.

தெருவெளி நாடகம் எங்கள் மண்ணில் வேர் உள்ளது. சனம் நின்று பார்க்கும், ஒதுக்கிவைத்தலின் கொடுமையை அரை மணித்தியாலத்தில் நெஞ்சில் இறக்கும். அதில் மூன்று ஆபத்துகள். கதைக்கு ஒரு தண்டனை தேவைப்படுவதால் 'கெட்டவனுக்கு நோய் வந்தது' என்று முடிந்துவிடும், அதுவே ஒதுக்கலுக்கு உரம். நடிகர்கள் மேடையில் இட்டுக்கட்டும் வசனங்களில் எண்களும் நிபந்தனைகளும் காணாமல் போகும். தொற்றுள்ளவராக நடித்த பெடியனை ஊரில் அந்தப் பெயரால் பகிடி பண்ணுவார்கள், ஆகவே அந்தப் பாத்திரத்தை ஒருவருக்கே கொடுக்காமல் காட்சிக்குக் காட்சி மாற்றிக் கொடுங்கள். காட்சியை நடுவில் நிறுத்தி, 'இப்ப இந்த அக்கா என்ன செய்யலாம்?' என்று பார்ப்பவரைக் கேட்கும் அரங்கு வடிவம் நேரான நாடகத்தைவிட நல்லது. ஆய்வு முடிவைச் சொல்ல மட்டும் நாடகத்தை நம்ப வேண்டாம்.

கைபேசி

மிக மலிவு, மிக வேகம். ஆனால் வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவரின் இலக்கம் மற்ற எல்லோருக்கும் தெரியும். குழுவை விட்டு, ஒலிபரப்புப் பட்டியலாக அனுப்பினால் பெறுபவர்கள் ஒருவரை ஒருவர் காணமாட்டார்கள். உங்கள் இலக்கத்தைத் தன் கைபேசியில் பதிந்து வைத்தவருக்கே அது போய்ச் சேரும், இதை முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். பல வீடுகளில் கைபேசி அம்மாவின் கையிலும் தம்பியின் கையிலும் மாறி மாறி இருக்கும். பூட்டிய திரையில் முதல் நாலைந்து சொற்கள் தெரியும். அந்தச் சொற்களில் 'எச்.ஐ.வி.' இருக்கக்கூடாது. 'இந்தக் கிழமைக் கேள்வி' என்று தொடங்குங்கள். ரிக்ரொக்கில் பின்னூட்டத்தைக் கவனிக்க நாளும் ஒருவர் இல்லையென்றால் அங்கே போகவே வேண்டாம். தனி வழியாக இது போதாது. மற்ற வழிகளுக்கு நினைவூட்டும் கருவி.

போட்டி

ஒரு நிமிடக் காணொளி அல்லது சுவரொட்டிக்கு எல்லோரையும் அழைத்து, நல்லதைத் தெரிந்து பரப்புவது. சீனாவில் நடந்த ஓர் ஒப்பீட்டாய்வில், இப்படிப் பொதுமக்கள் செய்த காணொளியைப் பார்த்தவர்களும் தொழில்முறை நிறுவனம் செய்ததைப் பார்த்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் பரிசோதனைக்குப் போனார்கள், செலவு குறைவு. போட்டியின் பெரிய பலன் வென்ற காணொளியில் இல்லை. பங்குபற்றும் பிள்ளை அந்த வசனத்தை 30 தடவை வாசித்து, நண்பனுடன் சண்டை பிடித்து, வெட்டி ஒட்டி, தன் சொல்லாக்கிக்கொள்வதில்தான் இருக்கிறது.

12 கிழமை ஒதுக்குங்கள்: அறிவிப்புக்கும் விளக்கக் கூட்டங்களுக்கும் 3, செய்வதற்கு 5, தேர்வுக்கு 2, பரப்புவதற்கு 2. சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலத்தையும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளையும் முதலே நாட்காட்டியில் குறித்துத் தவிருங்கள். நடுவர் ஐவரில் இருவர் 25 வயதுக்குக் குறைந்தவர்களாகவும், ஒருவர் சிகிச்சைப் பிரிவிலிருந்தும் வரட்டும். எச்.ஐ.வி.யோடு வாழும் ஒருவரின் கருத்தைக் கட்டாயம் பெறுங்கள், ஆனால் அவரை மேடையில் ஏற்றாமல், பெயர் சொல்லாமல்.

பிழைக்கும் இடங்கள் தெரிந்தவைதான். அழைப்பில் சரிபார்த்த வசனங்கள் இல்லாவிட்டால் வரும் ஆக்கங்களில் பாதி மண்டையோடும் சுடலையுமாக இருக்கும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டால் இணையத்தில் ஏற்றும்போது தடை வரும். 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். இவற்றைவிடக் கடினமானது பரிசளிப்பு நாள்: வென்ற பிள்ளையைப் பார்த்து 'உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?' என்று ஊர் கேட்கும். போட்டிக்கு 'இளையோர் உடல்நலம்' என்று அகலமான தலைப்பை வைத்து, எச்.ஐ.வி.யை அதில் ஒரு பிரிவாக்குங்கள். புனைபெயரில் அனுப்பவும் பரிசைத் தனியே வாங்கவும் வழி வையுங்கள்.

சிறு குழு

8 முதல் 10 பேர், இரண்டு நெறியாளர், 75 நிமிடப்படி மூன்று சந்திப்பு, கிழமைக்கு ஒன்று. முதல் இரண்டை ஆண், பெண் தனித்தனியே வையுங்கள். மூன்று சோடி நெறியாளர்கள், சோடிக்கு மாதத்துக்கு இரண்டு குழு வீதம் நடத்தினால் 60 பேர் வரை. ஆயத்தத்துக்கு இரண்டு மாதம் போக, மிஞ்சும் நான்கு மாதத்தில் 240 பேர் வரை. கருத்தரங்கு இதை ஒரே காலையில் தாண்டிவிடும் என்று சொல்பவர்களுக்கு எங்கள் பதில் கேள்விப் பெட்டி.

ஒரு ஏ4 தாளை நான்காகக் கிழித்து ஆளுக்கொரு துண்டு. எல்லோருக்கும் ஒரே நிறப் பேனை, நீங்கள் கொடுப்பது. எல்லோரும் எழுத வேண்டும். கேள்வி இல்லாதவர் 'கேள்வி இல்லை' என்று எழுதட்டும், அப்போதுதான் யார் எழுதினார் என்று பக்கத்திலிருப்பவர் பார்க்க மாட்டார். செருப்புப் பெட்டிக்குள் மடித்துப் போட்டு, குலுக்கி, நெறியாளர் மட்டும் வாசிக்க வேண்டும். பிள்ளைகளிடம் வாசிக்கக் கொடுத்தால் கையெழுத்துப் பிடிபடும். முடிந்ததும் துண்டுகளை அவர்கள் கண் முன்னேயே கிழியுங்கள். முதல் கிழமை வருபவை 'நுளம்பு கடிச்சா வருமோ?', 'சலூனில சேவ் எடுத்தா வருமோ?' இவை உங்களை நாடிபிடித்துப் பார்க்கும் கேள்விகள். சிரிக்காமல், நேராக, நுளம்பால் பரவாது என்றும் புது பிளேட் போடச் சொல்வது எப்போதும் நல்லது என்றும் பதில் சொன்னால், மூன்றாம் கிழமை அந்தப் பெட்டிக்குள் 'ஒருத்தருக்கும் தெரியாம எங்க செக் பண்ணலாம்?' என்ற துண்டு வரும். அந்தத் துண்டுக்காகத்தான் முழு ஏற்பாடும். 300 பேர் மண்டபத்தில் அது ஒருநாளும் வராது.

இடத்தைக் கவனமாகத் தெரியுங்கள். சனசமூக நிலையம் இலவசம்தான், ஆனால் சன்னல் திறந்திருக்கும், திண்ணையில் பேப்பர் வாசிக்கும் ஐயாமார் இருப்பார்கள். வகுப்பில்லாத நேரத்து ரியூட்டரி அறை மேல்; அங்கே பிள்ளைகள் போய்வருவதை ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. நெறியாளர் தன் ஊரில் குழு நடத்தக்கூடாது: தெல்லிப்பளைப் பிள்ளை பருத்தித்துறைக்கும், பருத்தித்துறைப் பிள்ளை சாவகச்சேரிக்கும் போகட்டும். பஸ் காசு, தேத்தண்ணி, றோல்ஸ், போட்டோக் கொப்பி, இவைதான் செலவு. கடைசி பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம் முதலே முடியுங்கள்.

நெறியாளராக எட்டுப் பேரைப் பழக்குங்கள், ஆறு பேர் நிலைப்பார்கள். நான்கு அரைநாள் பயிற்சி காணும். அதில் ஒரு அரைநாள் முழுக்க 'எனக்குத் தெரியாது, கேட்டு அடுத்த கிழமை சொல்லுறன்' என்று சொல்லப் பழகுவதற்கு. தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்வதும், மருந்து ஆலோசனை கொடுப்பதுமே சிறு குழு கெடும் முதல் வழி. இரண்டாவது, 'நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்' என்ற வாக்கு. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை தனக்கு நடந்த துன்புறுத்தலைச் சொன்னால் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. முதல் சந்திப்பிலேயே, 'உங்கட பாதுகாப்புக்கு ஆபத்தென்றால் மட்டும் பொறுப்பானவரிட்டச் சொல்லுவம்' என்று சொல்லி, சிறுவர் உதவி இலக்கம் 1929ஐயும் கொடுங்கள். மூன்றாவது, வரவுப் பதிவு. பணம் தந்தவர் பெயர், அடையாள அட்டை இலக்கத்தோடு கையெழுத்துப் பட்டியல் கேட்பார். கொடுக்காதீர்கள். பிரித்தானியர் காலத்துத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு ஒருபாலுறவைக் குற்றமாக்கும் நாட்டில், அப்படியொரு பட்டியல் யார் கைக்குப் போகும் என்று ஒருவராலும் உறுதி சொல்ல முடியாது. வயதுப் பிரிவும் எண்ணிக்கையும் போதும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

ஆக, முதல் மாதம் ஆலோசனைக் குழுவும் வசனமும். இரண்டாம் மாதம் பெற்றோர், ஆசிரியர் கூட்டமும் நெறியாளர் பயிற்சியும். மூன்றாம் மாதத்திலிருந்து சிறு குழுக்கள். முதல் 60 பேரின் கேள்விகள் சேர்ந்த பிறகு, அவற்றையே தலைப்பாக வைத்துப் போட்டியை அறிவியுங்கள். அப்போது போட்டி பெரியவர்களின் ஊகத்தில் அல்லாமல் பிள்ளைகளின் சந்தேகத்தில் தொடங்கும். ஆறு மாதமும் இல்லை, ஆறு கிழமைதான் இருக்கிறது என்றால் போட்டியை விட்டுவிட்டு இரண்டு சோடியுடன் சிறு குழுவை மட்டும் நடத்துங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னர் இரண்டு நெறியாளர்கள் யாழ். போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சைப் பிரிவுக்கு நேரில் போய்வர வேண்டும். அரச சிகிச்சைப் பிரிவுகளில் பரிசோதனை இலவசம், விபரம் வெளியே போகாது என்பதைச் சொல்வது மட்டும் போதாது. எந்த வாசலால் போவது, எந்த நாள், எத்தனை மணிக்குச் சனம் குறைவு, பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களா இலக்கமா, 18 வயதுக்குக் குறைந்தவர் தனியே வந்தால் என்ன நடைமுறை, முடிவு எத்தனை நாளில், 72 மணித்தியால மருந்துக்கு இரவிலோ ஞாயிறிலோ எங்கே போவது. சம்பவத்துக்கு அடுத்த நாளே சோதித்து 'இல்லை' என்று வந்தால் அது முடிவல்ல என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: ஆய்வுகூட இரத்தப் பரிசோதனை தொற்றைக் காட்ட 18 முதல் 45 நாள் வரையும், விரல் நுனிப் பரிசோதனை 23 முதல் 90 நாள் வரையும் எடுக்கலாம். பதில்களை ஒரு விசிற்றிங் காட் அளவு மட்டையில் அச்சடியுங்கள். மட்டையின் முன்பக்கத்தில் ரியூட்டரி நேரசூசி போல ஏதாவது இருக்கட்டும், சட்டைப் பையில் அம்மா கண்டாலும் பிள்ளை பதில் சொல்லத் தேவையில்லாதபடி.